சின்ன மருது பாண்டியர்

அருப்புக்கோட்டையினின்று கிழக்கு நோக்கித் திருச்சுழியையும் நரிக்குடியையும் கடந்து செல்லும் வழியின் இருமருங்கும் விரிந்து கிடப்பது வானம் பார்த்த நிலம். கம்பும் சோளமும் வரகும் பருத்தியும் அந்நிலத்தின் விளைபொருள்கள். அங்கே பாயும் குண்டாறு ஆண்டிற் பல திங்கள் மணலாகவே கிடக்கும். மழை பெய்த நாள்களில் மட்டுமே நீராய் ஓடும். ஆற்றை நம்ப இயலாத மக்கள் கண்மாய்களை நம்பினர். ஊர்தோறும் கண்மாய், கண்மாய்தோறும் மடை. அம்மடையைத் திறக்கவும் அடைக்கவும் பொறுப்பேற்றவன் ஊரார் அனைவர்க்கும் விடை கூறக் கடமைப்பட்டவன். கரை உடைந்தால் அவனை வினவுவர். கடைமடைக்கு நீர் எட்டவில்லை என்றாலும் அவனையே வினவுவர். வினாவுக்கு உட்படாத பொறுப்பினை அம்மண் ஒருநாளும் அறிந்ததில்லை.

அம்மண்ணிலே தோன்றி, ஒரு நாட்டின் ஆட்சியையே பொறுப்பாக ஏற்று, அந்நாட்டு மக்களுக்கு விடை கூறும் கடமையினின்று இறுதிவரை வழுவாது நின்ற பெருமகனார் சின்ன மருது பாண்டியர் ஆவார்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் நரிக்குடிக்கு அண்மையில் முக்குளம் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் உடையார் சேர்வை என்னும் மொக்கைப் பழனியப்பருக்கும், ஆனந்தாயி என்னும் பொன்னாத்தாளுக்கும் மைந்தர் இருவர் பிறந்தனர். மூத்தவர் 1748-ஆம் ஆண்டிலும், இளையவர் 1753-ஆம் ஆண்டிலும் தோன்றினர். மூத்தவர் பெரிய மருது என்றும் வெள்ளை மருது என்றும் அழைக்கப்பெற்றார். இளையவரே சின்ன மருது. தந்தையார் இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் படையிற் பணி புரிந்தவர். ஆதலின், மைந்தர் இருவரும் வேலும் வாளும் வளரியும் பயின்று வளர்ந்தனர். வளரி என்பது வளைந்த வடிவுடைய எறிபடை. குறி தப்பாது அதனை வீசுதற்குக் கையின் வலிமையோடு கண்ணின் கூர்மையும் வேண்டும். அக்கலையில் உடன்பிறந்தார் இருவரும் நிகரற்று விளங்கினர்.

அக்காலத்தே சிவகங்கைச் சீமையை ஆண்டவர் முத்துவடுகநாதப் பெரிய உடையத் தேவர். மருதிருவரின் ஆற்றலை அறிந்த அவர், தம் பணியில் அவர்களை அமர்த்திக் கொண்டார். சிவகங்கைச் சீமையின் வாழ்வு அப்பொழுது இடர் நிறைந்ததாக இருந்தது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, பாளையங்களிடமிருந்தும் சீமைகளிடமிருந்தும் கப்பம் பெற விரும்பினார். அவருக்குத் துணையாக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை நின்றது. 1772-ஆம் ஆண்டு சூன் திங்களில் அப்படைகள் முதலில் இராமநாதபுரத்தைக் கைப்பற்றின. பின்னர்ச் சிவகங்கையின்மீது பாய்ந்தன. அத்திங்கள் 25-ஆம் நாள் காளையார்கோவிலில் நிகழ்ந்த போரில் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். சிவகங்கை நவாபின் கைக்குள் சென்றது. அதன் பெயரும் உசேன் நகர் என மாற்றப்பெற்றது.

மன்னரை இழந்த அரசி வேலு நாச்சியார், தம் மகள் வெள்ளச்சியுடனும், அமைச்சர் தாண்டவராய பிள்ளையுடனும் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாச்சிக்குச் சென்றார். மருதிருவர் அவர்க்குக் காவலாய் உடன்சென்றனர். தாண்டவராய பிள்ளை அங்கேயே காலமானார். நாடும் இன்றி, பொருளும் இன்றி, எட்டு ஆண்டுகள் கழிந்தன. அவ்வெட்டு ஆண்டுகளே சின்ன மருதுவுக்கு அரசியற் கல்வி அளித்த ஆண்டுகள் எனலாம். வீரம் ஒன்றே நாட்டை மீட்டுத் தராது என்பதையும், பகைவனுக்குப் பகைவன் யார் என ஆராய்ந்து அவன் துணையைப் பெறுதல் வேண்டும் என்பதையும், சிதறிய குடிகளை மறைவாக ஒன்று திரட்டப் பொறுமை வேண்டும் என்பதையும் அவர் அங்குக் கற்றார். மைசூரை ஆண்ட ஐதர் அலியின் படை உதவி கிடைத்தது. 1780-ஆம் ஆண்டில் சிவகங்கை மீட்கப்பெற்றது. வேலு நாச்சியார் அரியணை ஏறினார்.

வெற்றிக்குப்பின் பொறுப்புகள் பகுக்கப்பட்டன. பெரிய மருது படைத்தலைவர் ஆனார். சின்ன மருது பிரதானி என்னும் அமைச்சுப் பதவியை ஏற்றார். இப்பகுப்பு நம் கருத்திற்கு உரியது. பிறப்பில் மூத்தவர் பெரிய மருது. உடல் வலிமையில் ஒப்பற்றவர். நாணயத்தைத் தம் விரல்களாலேயே வளைத்துவிடும் ஆற்றல் உடையவர் என்று அவரைக் கண்ட ஆங்கிலேயரே எழுதியுள்ளனர். வேட்டையும் போரும் அவர்க்கு உவந்தவை. கணக்கும் வழக்கும் ஆராயும் திறம் இளையவரிடமே மிகுந்திருந்தது. அதனை உணர்ந்த மூத்தவர், ஆட்சிப் பொறுப்பை இளையவர்க்கு மனமுவந்து விட்டுக்கொடுத்தார். எவர் எவ்வினைக்கு உரியவரோ அவரிடம் அவ்வினையை ஒப்புவித்தலே தலைமைக்கு முதற்பண்பு. உடன்பிறந்தார் இருவரிடையே அது பூசலின்றி நிகழ்ந்தமை அரிதினும் அரிது.

சின்ன மருது சிறுவயல் என்னும் ஊரில் தம் மாளிகையை அமைத்துக்கொண்டார். அம்மாளிகையைப் பற்றி வெல்ஷ் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் வியந்து எழுதியுள்ளார். வெல்ஷ், 1795-ஆம் ஆண்டில் சின்ன மருதுவிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். பின்னர் அவரையே எதிர்த்துப் போர்புரிந்த படையில் இருந்தவர். அவர் தரும் செய்தி இது: அம்மாளிகையின் வாயிலிற் காவலர் எவரும் இலர், விரும்பியவர் எவரும் உள்ளே புகலாம், வெளியே போகலாம், குடிமக்கள் சின்ன மருதுவைத் தம் தந்தையெனக் கருதி வாழ்த்தினர். பகைவர் படையில் நின்ற ஒருவரே இதனைக் கூறியிருத்தலின், இது புகழ்ச்சிக்காகச் சொல்லப்பட்டதன்று என்பது தெளிவு.

காவல் இல்லாத வாயிலின் பொருள் யாது? குறை உடையவன் எவனும் ஆள்வோன் முன் நேரே நின்று வினவலாம் என்பதே. மடை காப்பவனை ஊரார் வினவுவது போலச் சிவகங்கைக் குடிகள் தம் பிரதானியை வினவ இயன்றது. சமய வேற்றுமையும் அவ்வாயிலில் இல்லை. காளையார்கோவிலில் வானளாவிய கோபுரத்தை எழுப்பியவர் மருதிருவர். குன்றக்குடி முருகன் கோயிலுக்குத் திருப்பணி செய்தவரும் அவரே. சருகணியில் உள்ள கிறித்தவத் தேவாலயத்திற்குக் கொடை அளித்தவரும் அவரே. இராமேசுவரத்துக்கு நடந்து செல்லும் வழிப்போக்கர்க்காகத் தம் பிறந்த மண்ணாகிய நரிக்குடியில் சத்திரமும் அமைத்தனர். வறண்ட நிலத்தில் நெடுவழி நடப்பவனுக்கு நிழலும் நீரும் சோறும் எத்துணை அருமையானவை என்பதை அந்நிலத்திற் பிறந்தவரன்றோ அறிவர்!

சின்ன மருதுவின் ஆட்சி குறையே இல்லாதது என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அரசிக்கும் பிரதானிக்கும் இடையே ஒரு காலத்திற் பிணக்கு நேர்ந்தது. 1789-ஆம் ஆண்டில் கம்பெனிப் படை அதன் பொருட்டுச் சிவகங்கைக்குள் புகுந்தது. பின்னர், வெள்ளச்சியை மணந்த வேங்கைப் பெரிய உடையத் தேவர் அரசரானார். 1796-ஆம் ஆண்டில் வேலு நாச்சியார் மறைந்தார். பெயரளவில் அரசர் ஒருவர் இருப்பினும், ஆட்சியை நடத்தியவர் மருதிருவரே. அரசுரிமை ஓரிடத்திலும் அதிகாரம் மற்றோரிடத்திலும் இருந்த இந்நிலையைப் பகைவர் பிற்காலத்தில் தமக்குப் படைக்கலமாகப் பயன்படுத்திக் கொண்டனர்.

இனி, கம்பெனியின் நிலையை நோக்குவோம். வணிகம் செய்ய வந்த கம்பெனி ஆட்சியைக் கைக்கொண்ட வழி ஆராயத்தக்கது. நவாபு முகம்மது அலி போர்ச் செலவுக்காகவும் ஆடம்பர வாழ்வுக்காகவும் கம்பெனியிடமும், கம்பெனியின் அலுவலர்களிடமும் பெருங்கடன் பட்டார். கடனை அடைக்க இயலாதபோது வரி தண்டும் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பாளையக்காரர்களிடமிருந்து கப்பத்தை நேரே பெறும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. கடன் பட்டவர் நவாபு, பெற்றவர் கம்பெனியார், அதனை அடைக்க உழைத்தவனோ கரிசற் காட்டில் ஏர் பூட்டிய உழவன். மழை பொய்த்த ஆண்டில் அவன் எவரிடம் சென்று முறையிடுவான்? தண்டல் அலுவலர் சென்னைக்கு விடை கூறுவார். சென்னையில் உள்ளோர் இலண்டனிலுள்ள இயக்குநர்களுக்கு விடை கூறுவர். இயக்குநர்களோ பங்கு வாங்கிய செல்வர்களுக்கு விடை கூறுவர். திருச்சுழிக் கண்மாய்க் கரையில் நின்ற உழவனுக்கு விடை கூறுவோர் அவ்வரிசையில் ஒருவரும் இலர். சிறுவயல் மாளிகையின் திறந்த வாயிலுக்கும், கடல் கடந்து மூடிக் கிடந்த இவ்வாயிலுக்கும் இடையே இருந்த வேறுபாடே பின்னர்ப் போராய் மூண்டது.

அதன் அறிகுறிகள் அடுத்தடுத்துத் தோன்றின. 1795-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனியார் அரியணையினின்று இறக்கிச் சிறையிட்டனர். 1799-ஆம் ஆண்டில் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் ஆகிய ஊர்களில் மயிலப்பன் என்பார் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கம்பெனியின் கச்சேரிகளும் துணிக் கிடங்குகளும் அவர்களால் தாக்கப்பட்டன. வரி தண்டும் கச்சேரியும், நெசவாளரின் உழைப்பைக் குவித்த கிடங்கும் ஒரே ஆட்சியின் இரு கைகள் என்பதை அந்த எளிய மக்கள் உணர்ந்திருந்தனர். அதே ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்றார்.

இவற்றையெல்லாம் கண்ட சின்ன மருதுவுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. இராமநாதபுரம் வீழ்ந்தபோது மற்றவர் வாளாவிருந்தனர். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோதும் பலர் வாளாவிருந்தனர். தனித்தனியே நின்றால் தனித்தனியே அழிவது உறுதி. ஆகவே, விருப்பாச்சி கோபால நாயக்கர் முதலியோருடன் கூடி, ஒருவர்க்கு இடர் வரின் அனைவரும் எழுவதென்னும் கூட்டணியை அவர் வலுப்படுத்தினார்.

சோதனைக் காலம் விரைந்து வந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, 1801-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களில் மீண்டும் எழுப்பினார். மே திங்கள் 24-ஆம் நாள் அக்கோட்டை வீழ்ந்தது. காயமுற்ற ஊமைத்துரை கமுதியை அடைந்தார். சின்ன மருது அவரைச் சந்தித்துத் தம் சிறுவயலுக்கு அழைத்துச் சென்றார். கம்பெனியார் ஊமைத்துரையை ஒப்படைக்குமாறு கேட்டனர்.

இங்கேதான் தலைவர் ஒருவரின் உள்ளம் எடை போடப்படுகின்றது. ஒப்படைத்திருந்தால் சிவகங்கை அப்போதைக்குத் தப்பியிருக்கும். வயல்களும் ஊர்களும் எரியாமல் இருந்திருக்கும். தம் மக்களின் உயிரும் தம் மைந்தர்களின் உயிரும் நிலைத்திருக்கும். ஒப்படைக்க மறுத்தாலோ, பீரங்கிகளையும் பயின்ற படைகளையும் எதிர்கொள்ள வேண்டும். ஒருபுறம் குடிகளின் இன்றைய நலம். மறுபுறம் அடைக்கலம் புகுந்தவனைக் காக்கும் அறம். அவ்வளவோடு அச்சிக்கல் முடியவில்லை. இன்று ஒருவரைக் காட்டிக் கொடுத்துப் பெறும் அமைதி, நாளைத் தம் முறை வரும்போது எவ்வாறு நிலைக்கும் என்பதையும் அவர் எண்ண வேண்டியிருந்தது. சேதுபதியின் கதியும் கட்டபொம்மனின் கதியும் அவர் கண்முன் இருந்தன. இருபுறமும் இழப்பு உள்ள இடத்தில் எளிய விடை கிடையாது. சின்ன மருது ஒப்படைக்க மறுத்தார்.

மறுத்ததோடு அமையாது, தம் செயலின் காரணத்தை உலகறியக் கூறவும் துணிந்தார். 1801-ஆம் ஆண்டு சூன் திங்கள் 16-ஆம் நாள் அவர் பெயரால் ஓர் அறிக்கை வெளியாயிற்று. திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும், திருவரங்கம் கோயில் மதிலிலும் அது ஒட்டப்பெற்றது. சிவகங்கைக் குடிகளுக்கென்று மட்டும் எழுதப்பட்ட அறிக்கை அன்று அது. நாவலந்தீவு என்னும் இந்நாட்டில் வாழும் அனைவர்க்கும் விடுக்கப்பெற்றது. ஆள்வோர் அறிவின்றி அயலார்க்கு இடம் கொடுத்ததையும், அதனால் மக்கள் வறுமையுற்றதையும் அது எடுத்துரைத்தது. சாதி சமய வேறுபாடின்றி எல்லோரும் ஒன்றுபட வேண்டுமென்றும், கம்பெனிப் படையிற் பணிபுரிந்த நம் நாட்டவரும் அதற்குத் துணைநிற்க வேண்டுமென்றும் அழைத்தது. நவாபின் தவற்றைச் சுட்டிய அவ்வறிக்கையே நவாபுக்கும் அவர்க்குரிய இடம் மீண்டும் கிடைக்க வேண்டும் என்று கூறியது வியத்தற்குரியது. பிறர் நாட்டைத் தாம் கவர வேண்டும் என்னும் அவா அதில் இல்லை. அவ்வறிக்கையின் இறுதியில் மருது பாண்டியர் தம்மைப் பேரரசர்களின் ஊழியர் என்றே குறித்துக்கொண்டார். படையும் பொருளும் தம் கையில் இருந்த காலத்தும் ஊழியர் என்னும் சொல்லையே அவர் தமக்குரியதாகத் தேர்ந்தெடுத்தார்.

போர் மூண்டது. கர்னல் அக்னியூ கம்பெனிப் படையை நடத்தினார். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டையபுரத்தாரும் கம்பெனிக்குத் துணைநின்றனர். சூலைத் திங்களின் இறுதியில் அப்படை சிறுவயலை நெருங்கியபோது ஊர் எரிந்து கிடந்தது. பகைவர்க்குப் பயன்படாதபடி ஊரினரே அதற்கு எரியூட்டியிருந்தனர். பிறரை இழப்புக்கு அழைக்கும் தலைவன் முதலில் தன் இல்லத்தை இழக்கவேண்டும் என்னும் முறைமைக்கு அச்சாம்பலே சான்று. சிறுவயலிலிருந்து காளையார்கோவில்வரை முள்ளடர்ந்த காடு இருந்தது. அக்காட்டையே அரணாகக் கொண்டு மருதிருவரின் வீரர்கள் போரிட்டனர். மரங்களை வெட்டி வழியமைக்க முயன்ற கம்பெனிப் படை, ஏறத்தாழ ஒரு திங்கள் உழைத்தும் காட்டைக் கடக்க இயலாது பின்வாங்கியது.

படைக்கலத்தால் முடியாததைக் கம்பெனியார் சூழ்ச்சியால் முடிக்க முனைந்தனர். படைமாத்தூர் கௌரிவல்லபப் பெரிய உடையத் தேவரே சிவகங்கைக்கு உரிமையுடையவர் என அறிவித்து, செப்டம்பர்த் திங்களில் அவர்க்குச் சோழபுரத்தில் முடிசூட்டினர். மருதுவை விட்டு நீங்குவோர்க்கு மன்னிப்பு உண்டு என்றும் பறைசாற்றினர். அரசுரிமை இல்லாதார் ஆள்கின்றனர் என்னும் பழைய குறை இப்பொழுது குடிகளைப் பிளக்கும் ஆப்பாயிற்று. பலர் மனம் மாறினர். அக்டோபர்த் திங்கள் முதல் நாள் கம்பெனிப் படை பல முனைகளிலிருந்தும் காளையார்கோவிலைத் தாக்கிக் கைப்பற்றியது. காட்டில் மறைந்து திரிந்த உடன்பிறந்தார் இருவரும் சில நாள்களிற் பிடிபட்டனர். சின்ன மருதுவின் தொடை எலும்பு குண்டு பட்டு முறிந்திருந்தது.

1801-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள் திருப்பத்தூர்க் கோட்டையில் மருதிருவர் தூக்கிலிடப்பெற்றனர். அவர்தம் மைந்தரும் உறவினரும் உடன்நின்ற வீரரும் பலர் அவ்வாறே உயிரிழந்தனர். நவம்பர்த் திங்களில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பெற்றார். இளையவராதலின் உயிர் தப்பிய துரைசாமி என்னும் சின்ன மருதுவின் மைந்தரும், வேறு 72 பேரும் 1802-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பெற்றனர். 1818-ஆம் ஆண்டில் வெல்ஷ் அத்தீவில் துரைசாமியைக் கண்டார். துன்பத்தால் உருமாறி முதியவர் போல் நின்ற அவரை வெல்ஷால் முதலில் அடையாளம் காண இயலவில்லை. தமக்கு வேல் வீசக் கற்பித்தவரின் மைந்தர் அவர் என்று அறிந்தபோது அவர் உள்ளம் வருந்திற்று. அவ்வருத்தத்தை 1830-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அவர் பதிந்துள்ளார்.

சின்ன மருது போரிலே தோற்றார். அவர் எடுத்த முடிவு பல குடும்பங்களைத் துயரில் ஆழ்த்தியது. இவ்விரண்டும் மறைத்தற்குரியன அல்ல. ஆயினும், அம்முடிவின் பயனைப் பிறர் தலையிற் சுமத்தித் தாம் தப்பும் வழியை அவர் நாடவில்லை. காரணத்தை மறைக்காது வெளிப்படக் கூறினார். தம் ஊரும் தம் இல்லமும் தம் உயிரும் அதற்கு விலையாக, மறுக்காது கொடுத்தார். அதிகாரத்தை ஏற்றவர் அதன் விளைவையும் ஏற்பதே பொறுப்பு எனப்படும்.

திருப்பத்தூரிலும் காளையார்கோவிலிலும் ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் மக்கள் கூடி மருதிருவர்க்கு வணக்கம் செலுத்துகின்றனர். காளையார்கோவிற் கோபுரம் அவர்தம் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. ஆயினும், அவரை நினைப்பதற்கு அவ்வளவு தொலைவு செல்லவேண்டுவதில்லை. கண்மாய்க் கரையில் நின்று, கடைமடை வயலுக்கு நீர் எட்டிற்றா என நோக்கும் மனிதன் ஒருவன் எவ்வூரிலும் உளன். மாணவர்களே, நாளை நீங்கள் எந்தப் பொறுப்பை ஏற்பினும், உங்களிடம் வினவ வருவோர்க்கு வாயிலைத் திறந்து வையுங்கள். சிறுவயலில் அன்று திறந்திருந்த அவ்வாயிலை அடையாதிருக்கச் செய்வதே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கமாகும்.